டோரோவுக்குப் போய் டோரோவைப் பார்க்காமல் வருவது: ஒயின் ஊர்களுக்குக் குழுவாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பாத்திமா, லூர்து திருத்தலங்களுக்குக் குழுவாகப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாத்திமாவிலிருந்து போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம் சுமார் 200 கிலோமீட்டர். லூர்திலிருந்து பிரான்ஸின் பொர்தோ சுமார் 250. போர்ட்டோ, டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒயின் வட்டாரத்தின் வாசல்; பொர்தோவும் அதேபோல் பழம்பெரும் ஒயின் வட்டாரத்தின் வாசல் என்பதால், கூடுதலாக இரண்டு நாள் ஒதுக்கினால் பார்த்துவிடலாம். பாஸ்போர்ட் நகல், குளிருக்குச் சட்டை இதையெல்லாம் டூர்காரர்களே சொல்லிவிடுவார்கள். முதல் தடவை போகிறவர்கள் விழுகிற குழிகள் வேறு.

கையாவைப் பார்த்துவிட்டு டோரோ என்று நம்புவது

பணமும் பயணமும் ஒருசேர வீணாகும் இடம் இதுதான். டூர் புரோகிராமில் "டோரோ ஒயின் வட்டாரம், படகுச் சவாரி, ருசி பார்த்தல்" என்று ஒரே வரி இருக்கும். ஊர் திரும்பியவர் போனில் படம் காட்டுவார்: பெரிய இரும்புப் பாலம், படகு, இருட்டு குடோனில் வரிசையாக மரப்பீப்பாய்கள். "திராட்சைத் தோட்டம் எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டால் திரும்பவும் பாலத்தையே காட்டுவார். தோட்டம் இருக்கும் இடத்துக்கு அவரை யாரும் கூட்டிக்கொண்டு போகவே இல்லை.

அவர் பார்த்தது வில்லா நோவா டி கையா. போர்ட்டோவுக்கு எதிர்க்கரை. திராட்சை விளைவது அங்கிருந்து கிழக்கே 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, ரேகுவா, பின்யாவ் ஊர்களைச் சுற்றி, படிபடியாக வெட்டிய மலைச்சரிவுகளில். 1756-இல் போர்ச்சுகல் மன்னரின் அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆட்சியில் எல்லை வகுத்துக் கருங்கல் நட்ட வட்டாரம் அது. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அந்த மலைப்படிகளைத்தான். பள்ளத்தாக்கில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். கடல்காற்று வீசும் கையாவில் குளிர்ச்சி அதிகம். அதனால் போர்ட் எனப்படும் இந்த வட்டாரத்து இனிப்பு ஒயினைப் பீப்பாயில் நிரப்பி, படகில் ஆற்றோடு இறக்கி, கையா குடோன்களில் முதிரவைத்தார்கள். 1986 வரை போர்ட் ஒயின் ஏற்றுமதியே கையா வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆகவே கையாவும் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அதை மட்டும் பார்ப்பது, மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் குடோனுக்குள் நுழைந்துவிட்டுக் கீரிப்பாறைத் தோட்டம் பார்த்தேன் என்பதைப் போல.

அட்வான்ஸ் கட்டிவிட்டால் ஹோட்டல் உறுதியாகிவிடும், அதன் பிறகு மாற்றச் சொல்லிப் பயனில்லை. கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ராத்தங்கல் எங்கே? எல்லா இரவும் போர்ட்டோ என்றால் பள்ளத்தாக்குக்கு ஒரு முழுப் பகலாவது ஒதுக்கியிருக்க வேண்டும்; பின்யாவுக்குச் சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், ரயிலில் இரண்டரை. எந்தக் கிண்டாவுக்குப் போகிறோம்? கிண்டா என்பது அங்குள்ள திராட்சைப் பண்ணை. பண்ணையின் பெயரும் அங்கே இருக்கும் நேரமும் எழுத்தில் வேண்டும். "வழியில் காணலாம்" என்றால் பஸ் ஜன்னல் வழியாகக் காணலாம் என்றே அர்த்தம். படகு எங்கிருந்து எங்கே? "டோரோ நதிப் படகு" என்று போட்டிருப்பது பெரும்பாலும் போர்ட்டோ நகருக்குள்ளேயே 6 பாலங்களைச் சுற்றிவரும் 50 நிமிடச் சவாரிதான். அசல் பள்ளத்தாக்குப் படகு ரேகுவா வரை போகும், ஒருவழிக்கே பகல் போய்விடும். நடுவே கராபதெலோ அணையின் மதகறைக்குள் படகு நிற்க, தண்ணீர் நிரம்ப நிரம்ப மொத்தப் படகும் சுமார் 35 மீட்டர் மேலே எழும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் பின்யாவிலிருந்து ஒரு மணி நேரப் படகு எடுங்கள், அதிலேயே மலைப்படிகள் இரு கரையிலும் தெரியும். ரயிலில் போனால் போர்ட்டோவிலிருந்து ஏறும்போது வலப்பக்க இருக்கை. ஆறு அந்தப் பக்கம்.

பிரான்ஸிலும் இதே கதை நடக்கிறது. பொர்தோ நகரில் 2016-இல் திறந்த ஒயின் அருங்காட்சியகத்தைக் காட்டி முடித்துவிடுவார்கள். தோட்டம் பார்க்க 40 கிலோமீட்டர் கிழக்கே சாந்த் எமிலியோன் போக வேண்டும். அங்கே பாறையைக் குடைந்த நிலத்தடிக் கோயிலைக் கைடு இல்லாமல் பார்க்க விடமாட்டார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே குழுப்பெயரில் போடச் சொல்லுங்கள்.

விசா

எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம். பொர்தோவுக்கு இரண்டு இரவு சேர்த்ததும் பிரான்ஸ் கணக்கு போர்ச்சுகலைத் தாண்டிவிடலாம். இரவுகளை எண்ணிவிட்டு விண்ணப்பியுங்கள்.

மே மாத விடுமுறையில் பழம் தேடுவது

மே மாதம் கொடியில் இலையும் பூமொட்டும்தான் இருக்கும். அறுவடை செப்டம்பரில். அப்போது சின்னப் பண்ணைகளுக்கு விருந்தாளியைக் கவனிக்க நேரமிருக்காது. முன்பதிவு செய்தால் சில கிண்டாக்களில் கல்தொட்டிக்குள் இறங்கித் திராட்சை மிதிக்கவும் விடுவார்கள். ஆகஸ்டில் பிரான்ஸின் பல சின்னப் பண்ணைகள் விடுமுறை விட்டிருக்கும்.

துப்பக் கூச்சப்படுவது

ஒரு ருசிக்கு 40 மில்லி ஊற்றுவார்கள் என்று வையுங்கள். ஒரு பண்ணையில் ஐந்து வகை, பகலில் மூன்று பண்ணை: 600 மில்லி. அது போர்ட் ஒயினாக இருந்தால் சாராயச் சத்து 20 சதவீதம் அளவு, ஏனென்றால் பாதி நொதித்த ஒயினில் 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்தியே அதைச் செய்கிறார்கள். நொதிக்காமல் தங்கிய சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் அளவில் இருக்கும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். மேசையில் துப்புவதற்கென்றே பாத்திரம் இருக்கும். வாயில் சுழற்றித் துப்புவது அங்கே மரியாதைக் குறைவே அல்ல, தொழில்காரர்கள் செய்வதும் அதுதான். ஒரு பகலுக்கு இரண்டு பண்ணைகள் போதும். குடிக்காதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோட்டமும் பீப்பாய்க் கூடமும் சுற்றிப் பார்க்கக் குடிக்க வேண்டியதில்லை.

தலையில் மல்லிகை, சட்டையில் சென்ட்

ருசி பார்க்கும் அறைக்குள் வேண்டாம். மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் மணம் கெடும்.

பஸ்ஸைக் காக்க வைப்பது

ஐரோப்பிய விதிப்படி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். பொதுவாக நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், இரவு ஓய்வுக்கும் கணக்கு உண்டு. எல்லாம் கருவியில் பதிவாகும். "இன்னும் அரை மணி, தம்பி" என்று கெஞ்சி அவரை இளக்க முடியாது. காலையில் ஒரு மணி நேரம் தாமதித்தால், மாலையில் போக வேண்டிய பண்ணை போச்சு.

பாட்டில் கணக்கு

இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு சரி, மூன்றாவது சேர்ந்தால் 2.25 லிட்டர் ஆகிவிடும். பண்ணையில் வாங்கியதைக் கைப்பையில் வைக்க முடியாது. துணி சுற்றி, பெட்டியின் நடுவில் வைத்து செக்-இன் செய்யுங்கள்.

வீட்டுக்கு விலை கூடிய வின்டேஜ் போர்ட்டை (ஒரே ஆண்டு அறுவடையில் செய்து பாட்டிலில் முதிரும் வகை) வாங்கி, விருந்தில் திறந்து, மீதியை அலமாரியில் வைக்கிறவர்கள் உண்டு. திறந்த வின்டேஜ் ஓரிரு நாளில் சுவை இறங்கிவிடும். பல ஆண்டுகள் பீப்பாயில் காற்றுப்பட்டு முதிர்ந்த டானி வகை, ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். கடையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்: பெரும்பாலான டானிக்குக் கையால் பிடுங்கும் குமிழ் மூடி, வின்டேஜுக்கு உள்ளே அழுந்திய நீளத் தக்கை. குமிழ் மூடி பாட்டிலை நிறுத்தி வையுங்கள், தக்கை பாட்டிலைப் படுக்க வையுங்கள். நம் ஊர் வெக்கையில் சமையலறை அலமாரி இரண்டுக்குமே ஆகாது.