கட்டுரை ஏற்கப்பட்ட நாளில் நடக்கும் தவறுகள்

"உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது" என்று ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வரும் நாளில் கால் தரையில் பாவாது. இரண்டு மூன்று வருட உழைப்பு, மதிப்பீட்டாளர்கள் கேட்ட திருத்தங்கள், மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்த கணக்குகள் எல்லாம் அந்த ஒரு வரியில் வந்து நிற்கும். அதே மின்னஞ்சலின் அடியில் ஒப்பந்தப் படிவத்துக்கு ஒரு இணைப்பும் இருக்கும். அதைத் திறந்து, விறுவிறுவென்று கடைசிப் பக்கத்துக்குப் போய், 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிடுகிறோம். கட்டுரையை யார் படிக்கலாம், யார் படிக்க முடியாது என்பது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரை வெளியீட்டில் உதவும் வேலையில் இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றைக் காசு செலவில்லாமலே தவிர்த்திருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

திறந்த அணுகல் என்றாலே கட்டணம் என்று நினைப்பது

மற்ற பல தவறுகள் கிளைப்பது இதிலிருந்துதான். திறந்த அணுகல் என்ற சொல்லுக்குப் பொருள் வகுத்தது 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை. ஆய்வுக் கட்டுரையை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கலாம், நகலெடுக்கலாம், பகிரலாம், சட்டத்துக்கு உட்பட்ட எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம். எழுதியவர் பெயரை முறையாகச் சொன்னால் போதும். இதற்கு அந்த அறிக்கை இரண்டு வழிகளைக் காட்டியது. எழுதியவரே தன் கட்டுரையைக் களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேமித்து எவரும் படிக்கத் திறந்துவைக்கும் இணையத்தளத்தில் வைப்பது ஒன்று, திறந்த ஆய்விதழ்களில் வெளியிடுவது மற்றொன்று. எழுதியவர் பணம் கட்டித்தான் ஆகவேண்டும் என்று அதில் எங்குமே இல்லை.

கட்டுரைக் கட்டணம் என்பது திறந்த இதழ்கள் தாக்குப்பிடிக்கக் கண்டுபிடித்த முறைகளில் ஒன்று, அவ்வளவுதான். அது எங்கே போய் நின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், நேச்சர் இதழ் 2020 நவம்பரில் திறந்த வெளியீட்டுக்காக அறிவித்த தொகை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. இப்படிப்பட்ட எண்களைப் பார்த்துவிட்டு "இது நமக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிடுபவர்கள் ஏராளம். ஆனால் திறந்த ஆய்விதழ்களின் பெரிய பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் உள்ள இதழ்களில் பெரும்பான்மையானவை எழுதியவரிடம் சல்லிக்காசும் வாங்குவதில்லை. படிப்பவரிடமும் வாங்காத இந்த முறைக்கு வைர வழி என்று பெயர். பிரேசிலில் 1990களின் கடைசியில் தொடங்கிய ஸையெலோ தளம் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பல நூறு இதழ்களைப் படிப்பவர்களுக்கு இலவசமாகத் திறந்துவைத்தது, பெரும்பாலும் பொதுப் பணத்தில்.

கட்டணம் வாங்கும் இதழ்களிலும் விலக்கு உண்டு. குறைந்த வருமான நாடுகளிலிருந்து எழுதுபவர்களுக்கு முழுதாகவோ பாதியாகவோ தள்ளுபடி தரும் பதிப்பகங்கள் பல. கட்டுரையை அனுப்பும்போதே கேட்டுவிடுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் முடியாது என்று சொல்லும் இதழ்கள் இருக்கின்றன.

நடுப் பிரதியைத் தொலைப்பது

ஒரு கட்டுரைக்கு மூன்று பிரதிகள் உண்டு. முதலில் அனுப்பிய பிரதி. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களை எல்லாம் செய்து முடித்து, ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்ட பிரதி. பிறகு பதிப்பகம் பக்கம் கோர்த்து, தன் சின்னமும் பக்க எண்ணும் போட்டு வெளியிட்ட பிரதி. நமக்குப் பொக்கிஷம் நடுவில் இருப்பதுதான். அறிவியல் உள்ளடக்கத்தில் அதற்கும் அச்சான பிரதிக்கும் அநேகமாக வித்தியாசம் இருக்காது. சந்தா கட்டினால்தான் படிக்க முடியும் என்ற இதழ்களில்கூடப் பெரும்பாலானவை, இந்தப் பிரதியை உடனேயோ ஆறு மாதம், ஒரு வருடம் என்று காத்திருந்தோ களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. பசுமை வழி என்பது இதுதான். இதற்குக் கட்டணம் இல்லை.

நடைமுறையில் என்ன ஆகிறது? ஆறு மாதம் கழித்து ஒரு மாணவியிடம் அந்தப் பிரதியைக் கேட்டேன். மடிக்கணினியைத் திறந்தார். ஒரே கோப்புறையில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ கரெக்டட்' என்று ஒன்பது கோப்புகள். ஒன்றைத் திறந்தால் ஓரம் முழுக்க நெறியாளரின் சிவப்புக் குறிப்புகள். இன்னொன்றில் மூன்றாவது படம் பழையது. எதை இதழ் ஏற்றுக்கொண்டது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இணை ஆசிரியரிடம் கேட்கலாம் என்றால் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார், பழைய மின்னஞ்சல் முகவரி இயங்கவில்லை. கடைசியில் இதழில் வெளியான பி.டி.எஃப்.பை அப்படியே தன் பக்கத்தில் ஏற்றிவிடலாமா என்று கேட்டார். அது அடுத்த தவறு. பக்கம் கோர்த்த பிரதியைத் திறந்து வைக்கப் பெரும்பாலான சந்தா இதழ்கள் அனுமதிப்பதில்லை. எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வரலாம்.

ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். திருத்தக் குறிகளை நீக்கி, படங்களைச் சேர்த்து, முதல் பக்கத்தில் இதழின் பெயரையும் ஏற்கப்பட்ட தேதியையும் எழுதி, ஒரே ஒரு பி.டி.எஃப். ஆக்கித் தனியாக வையுங்கள். இதழின் கொள்கை தெரியாவிட்டால், ஷெர்பா ரோமியோ என்று பல வருடம் அறியப்பட்ட, ஜிஸ்க் என்ற பிரிட்டிஷ் அமைப்பு நடத்தும் இலவசத் தேடுதளத்தில் இதழின் பெயரைப் போட்டாலே எந்தப் பிரதியை, எப்போது, எங்கே வைக்கலாம் என்று வந்துவிடும். ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளங்களைக் களஞ்சியம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு அந்த நிறுவனம் விதியை மாற்றினால் உங்கள் கட்டுரைக்கு யார் பொறுப்பு?

உரிமத்தைப் பயத்தோடு தேர்ந்தெடுப்பது

ஒப்பந்தப் படிவம் இரண்டு வகை. ஒன்றில் பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். மற்றொன்றில் உரிமை உங்களிடமே இருக்கும், வெளியிட மட்டும் அனுமதி தருகிறீர்கள். முதல் வகையில் கையெழுத்திட்டவர், தன் சொந்த வரைபடத்தைத் தன் சொந்தப் புத்தகத்தில் போடுவதற்கே அனுமதி கேட்டு நிற்கும் நிலை வரலாம். ஹார்வர்டின் கலை அறிவியல் புலம் 2008 பிப்ரவரியில் இதற்கு ஒரு வழி கண்டது: ஆசிரியர்கள் எழுதும் கட்டுரைகளைப் பரப்பும் உரிமையைப் பதிப்பகத்திடம் போவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்துவிடுவது என்று அவர்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். இப்படி ஒரு விதி உங்கள் நிறுவனத்திலோ நிதி தந்த அமைப்பிலோ இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் நூலகரிடம் கேளுங்கள்.

திறந்த வெளியீடு என்றால், படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இங்கே பலர் "எதுக்கு வம்பு" என்று, மாற்றம் கூடாது என்று சொல்லும் 'என்டி' உரிமத்தை எடுக்கிறார்கள். தன் எழுத்தை யாரும் சிதைக்கக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். அந்த உரிமத்தோடு வந்த கட்டுரையை ஒருவர் தமிழில் பெயர்த்து வெளியிட வேண்டுமென்றால் உங்களிடம் தனியாக எழுதி அனுமதி வாங்க வேண்டும். எழுதிக் கேட்டுப் பதில் வராமல் கைவிட்ட மொழிபெயர்ப்பாளர்களை எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லி எப்படியும் பயன்படுத்தலாம் என்கிற 'சிசி பை' உரிமத்தில் பதிப்புரிமை பறிபோய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். போகாது. உரிமை அதன் உரிமையாளரிடமே இருக்கும். உங்கள் பெயரைச் சொல்லாமல் எடுத்தால் அது அப்போதும் உரிமத்தை மீறுவதுதான்.

முன்பதிப்பைக் கண்டு அஞ்சுவதும், கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும்

மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையை முன்பதிப்பாகப் பொதுவில் வைப்பது இயற்பியலாளர்களுக்கு வெகுநாள் பழக்கம். பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ஆர்கைவ் தளம்தான் அதை இணையத்துக்குக் கொண்டுவந்தது. உயிரியலுக்கு 2013இலும் மருத்துவத்துக்கு 2019இலும் இதே போன்ற தளங்கள் வந்தன. "போட்டால் யாராவது திருடிவிடுவார்களே" என்று கேட்காத மாணவரே இல்லை. உண்மையில் முன்பதிப்பில் தேதி பதிந்திருக்கிறது. யார் முதலில் சொன்னார் என்பதற்கு அதுவே சாட்சி. ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான், பாயின்கரே கருதுகோள் என்ற புகழ்பெற்ற கணிதப் புதிருக்கான நிரூபணத்தை 2002, 2003இல் ஆர்கைவில் மட்டுமே வைத்தார், எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. அது அவருடையது என்பதில் உலகத்துக்குச் சந்தேகம் வரவில்லை. முன்பதிப்பாக வந்ததை ஏற்கமாட்டோம் என்று சொல்லும் இதழ்கள் இப்போது குறைவு. இருந்தாலும் அனுப்பப்போகும் இதழின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள், மருத்துவத்தில் குறிப்பாக.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2020இன் தொடக்கத்தில் கொரோனா வைரஸை எச்.ஐ.வி.யோடு இணைத்துப் பேசிய ஒரு முன்பதிப்பு உலகமெங்கும் பரவியது. மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் செய்தி ஊர் சுற்றிவிட்டது. சரி, மதிப்பீடு முடிந்து வந்ததை நம்பலாமா? அதே வருடம் மே 22இல் லான்செட் மருத்துவ இதழ், கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அடிப்படைத் தரவைச் சரிபார்க்கவே முடியவில்லை என்று தெரிந்ததும் ஜூன் 4இல் அது விலக்கப்பட்டது. ஆகவே ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அது முன்பதிப்பா, எத்தனையாவது திருத்தம், விலக்கப்பட்டதா என்று டி.ஓ.ஐ. (கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண்) இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மேற்கோள் பட்டியலை மற்றொருவர் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கம்தான் விலக்கப்பட்ட கட்டுரைகளுக்கு ஆயுள் கொடுக்கிறது.

அழைப்பு வந்ததும் அனுப்புவது

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்களின் மகத்தான பங்களிப்பைக் கண்டு வியந்தோம்" என்று தொடங்கும், கட்டுரை கேட்டு வரும் மின்னஞ்சல். படிப்பவர் இன்னும் முதல் வருட ஆய்வு மாணவர். மூன்று நாளில் மதிப்பீடு, ஒரு வாரத்தில் வெளியீடு, கட்டணம் எவ்வளவு என்று எங்கும் இருக்காது. ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே பெரும் பிழைகளோடு எழுதிய போலிக் கட்டுரையைக் கட்டணம் வாங்கும் 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. சயின்ஸ் இதழ் 2013 அக்டோபரில் இதை வெளியிட்டது. ஏற்றுக்கொண்டவற்றில் பெயர்பெற்ற பெரிய பதிப்பகங்களின் இதழ்களும் இருந்தன. திறந்த இதழான பிளாஸ் ஒன் நிராகரித்தது. அதனால் "திறந்த இதழ் என்றாலே போலி" என்ற முடிவுக்கு வருவதும் தவறுதான். சந்தா இதழ்களை அவர் சோதிக்கவே இல்லை.

ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அது வெறும் அடையாள எண், தரச் சான்று கிடையாது. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லும் இரண்டு பேரின் சொந்த நிறுவனப் பக்கத்துக்குப் போய், அவர்கள் இந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். கடந்த இதழில் வந்த இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். இந்த இரண்டையும் செய்த பிறகு ஏமாந்தவர் என்று என்னிடம் இதுவரை யாரும் வரவில்லை. நல்ல இதழின் பெயரையும் அட்டையையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருப்பதால், மின்னஞ்சலில் வந்த இணைப்பை விட்டுவிட்டு டி.ஓ.ஏ.ஜே. போன்ற பட்டியல் வழியாகவே உள்ளே போங்கள்.

தரவை "கேட்டால் தரப்படும்" என்று எழுதுவது

கேட்கும்போது மின்னஞ்சல் மாறியிருக்கும், வன்வட்டு போயிருக்கும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான ஸெர்ன் 2013இல் தொடங்கிய ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் வைத்தால் தரவுக்கே ஒரு டி.ஓ.ஐ. கிடைக்கும், மற்றவர்கள் அதைத் தனியாக மேற்கோள் காட்டலாம். நோயாளிகளின், தனிமனிதர்களின் விவரங்கள் இருந்தால் திறந்து வைக்கக் கூடாது. தரவைப் பற்றிய விவரக் குறிப்பை மட்டும் பொதுவில் வையுங்கள். எக்செல் கோப்பாக ஏற்றுவதற்கு முன் ஒருமுறை கண்ணோட்டுங்கள். 'செப்ட்2' என்ற மரபணுப் பெயரை எக்செல் தானாகவே செப்டம்பர் 2 என்று மாற்றிவிடும். இந்தத் தொல்லை அவ்வளவு பரவியதால், மரபணுப் பெயர்களை முடிவுசெய்யும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றியது.

ஏற்கெனவே வெளிவந்த பழைய கட்டுரைகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். அவற்றுக்கும் பசுமை வழி மூடிவிடவில்லை. அந்த இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் உங்கள் பழைய கணக்கில் நுழைந்து பாருங்கள். கடைசியாக நீங்கள் ஏற்றிய திருத்தப் பிரதி பல இதழ்களில் இன்னும் அங்கேயே இருக்கும். ஒன்பது ஃபைனல்களோடு வந்த அந்த மாணவிக்கும் அங்கேதான் கிடைத்தது. அன்று மாலையே களஞ்சியத்தில் ஏற்றிவிட்டார்.