ஆட்டு இதயத்தை அறுத்துப் பார்ப்போம்: இரத்த ஓட்டம், ஆரம்பத்திலிருந்து

பத்தாம் வகுப்பில் எல்லோரும் இதயத்தை வரைந்திருப்போம். ஒரு பக்கம் சிவப்பு பென்சில், மறு பக்கம் நீல பென்சில், நாலு அறை, எட்டு அம்புக்குறி. மதிப்பெண் வந்துவிடும், ஆனால் இரத்தம் ஏன் அந்த அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் போகிறது என்பது படத்தில் தெரியாது. உடம்பில் நீல இரத்தம் என்று ஒன்று கிடையவும் கிடையாது. ஆக்சிஜன் குறைந்தால் கருஞ்சிவப்பாகும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் கறிக்கடைதான் நல்ல வகுப்பறை. ஆட்டுக்கும் நமக்கும் நாலு அறைகள், நாலு வால்வுகள், ஓடும் திசை எல்லாம் ஒன்றே. ஆட்டு இதயம் கொஞ்சம் சிறியது, நுனி கூர்மையாக இருக்கும்.

1. வாங்குவது

ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம். மதுரையில் நெல்பேட்டையானாலும் வில்லாபுரமானாலும் அன்றைக்குக் கடைக்காரருக்கு நம்மிடம் பேச நேரம் இருக்காது. வார நாளில் போய், "அண்ணே, ஹார்ட் முழுசா வேணும். மேல இருக்கிற குழாயை ஒட்ட நறுக்காம நாலு விரல் விட்டுக் குடுங்க, பிள்ளைக படிப்புக்கு" என்று சொல்லிவிடுங்கள். படிப்புக்கு என்றால் தேடி எடுத்துத் தருவார்கள். இரத்தம் போக ஒரு கீறல் போட்டிருந்தால் பரவாயில்லை. குழாய்கள் முக்கியம்.

வீட்டில் ஒரு தாம்பாளம், கத்தரிக்கோல், சின்னக் கத்தி, நாலைந்து தென்னை ஈர்க்குச்சி, ஒரு சொம்பு தண்ணீர் போதும். பச்சைக் கறி என்பதால் கையுறை நல்லது. முடிந்ததும் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. வெளியே பார்ப்பது

குழாய்களுக்குள் தண்ணீர் விட்டு, உறைந்த இரத்தக் கட்டிகளை விரலால் தள்ளி எடுங்கள். பிறகு தாம்பாளத்தில் வைத்து, இரண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தொளதொள என்றிருக்கும், அது வலது. கெட்டியாக இருப்பது இடது. முன்பக்கம் உங்களைப் பார்க்க இருந்தால் இதயத்தின் வலது உங்கள் இடது கைப்பக்கம் வரும். இதில் குழம்பாதவர் கிடையாது.

முன்பக்கம் சாய்வாக ஒரு கொழுப்புக் கோடு இறங்கும். அந்தக் கொழுப்பை மெல்ல விலக்கினால் மெல்லிய குழாய் தெரியும். அதுதான் கரோனரி தமனி. மாரடைப்பு என்றால் பெரும்பாலும் இந்த வகைக் குழாய்களில் ஒன்று அடைபடுவதுதான். அறைகளுக்குள் அவ்வளவு இரத்தம் இருந்தும், இதயத் தசை தனக்கு வேண்டியதை இந்தக் குழாய்கள் வழியாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

3. ஈர்க்குச்சியால் வழி கண்டுபிடிப்பது

மேலே தடித்த இரண்டு குழாய்கள் இருக்கும். முன்னால் கிளம்புவது நுரையீரல் தமனி. அதற்குள் குச்சியை விட்டால் வலது வெண்ட்ரிக்கிளுக்குள், அதாவது வலது கீழறைக்குள் போகும். அதன் பின்னால், சுவர் இன்னும் தடித்து, அமுக்கினாலும் மறுபடி வாயைத் திறந்துகொள்வது பெருந்தமனி. அதில் விட்ட குச்சி இடது வெண்ட்ரிக்கிளுக்குப் போகும். தொய்ந்துபோய் ஓட்டை மட்டும் தெரிகிறவை சிரைகள்.

வழி இதுதான்: உடம்பிலிருந்து பெருஞ்சிரைகள், வலது ஆரிக்கிள் (மேலறை), வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், அங்கிருந்து நுரையீரல் சிரைகள், இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, மறுபடி உடம்பு. மனப்பாடம் செய்வதைவிட குச்சியை நகர்த்திக்கொண்டே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நிற்கும்.

4. தண்ணீர் ஊற்றுவது

என்னைக் கேட்டால் மொத்தப் பாடமும் இந்த ஒரு படியில் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் செய்துவிடுங்கள். நுரையீரல் தமனியின் வாயை விரலால் விரித்துப் பிடித்து மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே இருக்கும் அறைக்குள் போக வேண்டிய தண்ணீர் போகாமல் குழாயிலேயே தேங்கும். எட்டிப் பார்த்தால் அடியில் மூன்று மெல்லிய பைகள் தண்ணீரால் உப்பி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அதுதான் அரைச்சந்திர வால்வு. அதை மூடுவதற்கென்று தசையோ நரம்போ கிடையாது. திரும்பி வரப் பார்க்கும் இரத்தமே பைகளை நிரப்பித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

5. வெட்டுவது

வலது ஆரிக்கிளின் ஓட்டையில் கத்தரிக்கோலை விட்டு, நுனி வரை ஒரே நேராக வெட்டித் திறங்கள். ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவில் வெள்ளைத் தோல்போல மூவிதழ் வால்வு. இதழ்களின் ஓரத்திலிருந்து வெள்ளை நாண்கள் இறங்கி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தசை மொட்டுகளில் முடியும். மொட்டைப் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள், இதழ் விறைக்கும். பலத்த காற்றில் குடை மேல்நோக்கி மடங்கிக்கொள்கிறதே, அப்படி இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் மடங்காமல் பிடித்து வைப்பதுதான் இந்த நாண்களின் வேலை. பார்க்க நூல் மாதிரி இருந்தாலும் கையால் இழுத்தால் சுலபத்தில் அறாது.

இடது பக்கமும் அதேபோல் திறங்கள். இங்கே இதழ் இரண்டுதான். இப்போது இரண்டு வெண்ட்ரிக்கிள் சுவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பு. இடது அதிக இரத்தம் தள்ளுகிறது என்று பலர் சொல்வார்கள், தவறு. இரண்டு பக்கமும் தள்ளும் அளவு ஒன்றே. ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. வித்தியாசம் அழுத்தத்தில். பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு 25 மி.மீ. பாதரச அளவு போதும், உடம்பு முழுக்க அனுப்ப 120 வேண்டும்.

பெருந்தமனியின் அடியை வெட்டி விரித்தால் அதே மூன்று பைகள். இரண்டு பைகளுக்கு மேலே குச்சி நுழையும் அளவு சின்ன ஓட்டைகள் இருக்கும். கரோனரி தமனிகள் கிளம்பும் வாசல் அது.

6. அப்புறம் உங்கள் கை

இந்த ஒருவழிப் பாதையை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் கையை வைத்தே காட்டினார். மேல்கையில் ஒரு துண்டை லேசாகக் கட்டி கைவிரல்களை இறுக மடக்கினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் சிரையை முழங்கை நோக்கி வழித்துவிடுங்கள். மேல் விரலை எடுத்தாலும் வழித்த இடம் வெறுமையாகவே கிடக்கும், மேலிருந்து இரத்தம் திரும்பாது. கீழ் விரலை எடுத்ததும் நிரம்பும். சிரையில் சின்ன முடிச்சுகள் தெரிகிற இடங்கள் வால்வுகள். ஒரு நிமிடத்துக்குள் கட்டை அவிழ்த்துவிடுங்கள். சர்க்கரை, இரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள், இரத்த மெலிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் செய்ய வேண்டாம்.

நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 72 என்று வந்தால், 70 மில்லி வீதம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். ஒருவர் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

கடைசியாக, வீட்டில் யாராவது ஒருவர் நெஞ்சில் காதை வையுங்கள். முதல் சத்தம் நாண் கட்டிய இதழ் வால்வுகள் மூடுவது. இரண்டாவது, நீங்கள் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பை வால்வுகள் மூடுவது. இரண்டுக்கும் நடுவே குறுகிய இடைவெளி, அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. நீண்டதில்தான் வெண்ட்ரிக்கிள்கள் நிரம்புகின்றன, இதயத் தசைக்குரிய இரத்தமும் பெரும்பகுதி அப்போதுதான் கிடைக்கிறது. அவரை மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். அதிகம் சுருங்கியிருப்பது அந்த நீண்ட இடைவெளிதான்.