பழைய டூ-இன்-ஒன் கைக்கு வந்தால் கேசட்டைக் கடைசியில் போடுங்கள்

ரேடியோவும் கேசட் பிளேயரும் ஒன்றாக உள்ள பழைய ஸ்டீரியோ டூ-இன்-ஒன் கிடைத்ததும் ஆசையாகக் கேசட்டைத்தான் போடத் தோன்றும். நான் முதலில் திறப்பது பேட்டரி அறையை. பேட்டரி ஒழுகியிருந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். அல்கலைன் பேட்டரியின் கசிவு காரம் என்பதால், பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், வேண்டாம். பின்பக்கம் 110/220 வோல்ட் சுவிட்ச் இருந்தால், அதைச் சரிபார்த்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள்.

அடுத்து ரேடியோ. இரண்டு ஸ்பீக்கரிலும் தெளிவாகப் பாடுகிறதா? அப்படியானால் பவர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் மூன்றும் நலம். மீதிக் கோளாறெல்லாம் டேப் பக்கம்தான். ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் ஹெட்போன் பிளக்கைப் பலமுறை சொருகி எடுத்துப் பாருங்கள். ஜாக்கின் உள்ளே ஸ்பீக்கரைத் துண்டிக்கும் தகடு அழுக்கேறி நிற்பது வழக்கம். ஜப்பானுக்கென்றே செய்த பழைய செட்டுகளில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். அதற்கு மேல் நிலையம் வரவில்லை என்றால் அது பழுது அல்ல.

இப்போது டேப். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கேசட் சுழலாவிட்டால் பெல்ட் போயிருக்கும். சில பெல்ட்டுகள் உருகித் தார் மாதிரி ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பொறுமையாகத் துடையுங்கள். சாதாரண ரப்பர் பேண்ட் உதவாது, பாட்டு அலையும். கேசட்டின் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. மோட்டாரின் பின்துளையில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பி அதைச் சரிசெய்யலாம், ஆனால் புது பெல்ட் மாட்டிய பிறகு மட்டும்.

டேப் சிக்கினால், டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரைத் தொட்டுப் பாருங்கள். இறுகிப் பளபளத்தால் மாற்ற வேண்டும். டேப்பைச் சுருட்டும் பக்கத்து ரீல் சுற்றாமல் நின்றாலும், ரோலர் தள்ளும் டேப் வெளியே குவிந்து சிக்கும். அதனால் முதல் சோதனைக்குப் போனால் போகட்டும் என்கிற கேசட்டையே போடுங்கள்.

ஒலி மங்கலாக இருந்தால், டேப்பில் உள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டில் படிந்த பழுப்பைத் துடையுங்கள். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு இருந்து அதன் சாய்வை மாற்றும் ஸ்க்ரூவை, சுத்தம் செய்தும் தெளியாவிட்டால்தான் நான் தொடுவேன்.

ரேடியோ நன்றாக இருந்து, டேப்பில் மட்டும் ஒரு பக்கத்து ஒலி வந்து வந்து போனாலோ, ஊளையிட்டாலோ, பலரும் ஐ.சி. (போர்டில் உள்ள சிப்) போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். பெரும்பாலும் போர்டில் நீளமாக இருக்கும் ரெக்கார்ட்-பிளே சுவிட்ச்தான் காரணம். பிளக்கையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயான கான்டாக்ட் கிளீனரை அதில் அடித்து, ரெக்கார்ட் பொத்தானை இருபது முப்பது முறை அழுத்தி விடுங்கள். கேசட் இல்லாமல் பொத்தான் அமுங்காது; கேசட் அறையின் உள்மூலையில் இருக்கும் சிறு நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் அமுங்கும். வால்யூம் கரகரத்தாலும் இதே கிளீனர்தான். காய்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள்.