மலையக நீர்த்தேக்கங்களில் பலத்த காற்று: சிறு படகின் பாயைச் சுருக்கிச் செலுத்தும் முறை

திறந்த கடலில் காற்று படிப்படியாக வலுக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் படகிலேயே பாயைச் சுருக்க ஓரளவு அவகாசம் கிடைக்கும். இலங்கையின் மலையகத்தில் அதை நம்ப முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகளில் நெருக்குண்டு, காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களின் மீது திசை மாறி மாறி, விட்டுவிட்டு அறைகிறது. ஆகவே தொடக்கநிலையாளர் கரையிலேயே பாயைச் சுருக்கிவிட்டுப் புறப்படுவதே நல்லது.

அனுமதி பெற்று, உயிர்காப்பு அங்கி அணிந்த பின், நீர்ப்பரப்பைச் சற்று நேரம் கவனியுங்கள். அலை முகடுகளில் வெண்ணுரை பரவலாகத் தெரிந்தாலோ, கருந்திட்டுகள் நீரின் மேல் விரைந்து ஓடி வந்தாலோ பாயைச் சுருக்க வேண்டும். இடையில் காற்று தணிவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வலுவான வீச்சையே அளவாகக் கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகும். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவுதான்; ஆனால் அந்தச் சலுகையை ஒரே வீச்சு விழுங்கிவிடும்.

இனிச் சுருக்கும் முறை. படகின் முகப்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, ஏற்றுகயிற்றைத் தளர்த்திப் பாயைச் சிறிது இறக்குங்கள். பாய்மரத்தை ஒட்டிய விளிம்பில் உள்ள மேல் வளையத்தை முதலில் கீழே இழுத்துக் கட்டி, ஏற்றுகயிற்றை மீண்டும் இறுக்குங்கள். அடுத்து, பின்விளிம்பு வளையத்தைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்துக் கட்டுங்கள். இங்கே பின்நோக்கிய இழுப்பு போதாவிட்டால் பாய் பை போல உப்பி, சுருக்கியதன் பயனே இல்லாமல் போகும். பாரம் முழுவதையும் இந்த இரு முனைகளே தாங்க வேண்டும். நடுவிலுள்ள சிறு கயிறுகள் தொங்கும் துணியைச் சேர்த்துப் பிடிப்பதற்கு மட்டுமே என்பதால், அவற்றைத் தளர்வாக, ஒரு முனையை இழுத்தால் அவிழும்படி முடியுங்கள்.

முன்பாய் இருந்தால் அதையும் சிறிதாக்குங்கள். இல்லாவிட்டால் படகின் முகப்பு காற்றை விட்டு விலகிக்கொண்டே போகும்.

புறப்பட்டதும் முதலில் காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று துணைக்கு வரும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை எங்கும் கட்டிவிடாமல் கையிலேயே வைத்திருங்கள். வீச்சு தாக்கியதும் முதலில் அதைத் தளர்த்தி, காற்று வரும் பக்கத்தில் உடலைச் சாய்த்து, படகு நிமிர்ந்த பின் மெல்ல இழுங்கள். காற்றை முதுகில் வாங்கியபடி பாயை மறுபக்கம் மாற்றுவது இந்நிலையில் ஆபத்தானது; முகப்பைக் காற்றுக்கு எதிரே கொண்டுவந்து சுற்றித் திரும்புவதே பாதுகாப்பு.

அணைக்கட்டையும் வான்கதவுகளையும் நெருங்காதீர்கள். மவுசாகலையில் நீர் குறையும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரியும். நீர் சற்றே உயர்ந்து அவை மறைந்திருக்கும் நாட்களில் படகின் அடிப்பலகை அவற்றில் மோதலாம். படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்த முயலாமல் படகையே பற்றிக்கொள்ளுங்கள்.

காற்று தணிந்தபின் பாயைப் பிரிப்பதற்கு, முதலில் நடுக்கயிறுகள் அனைத்தையும் அவிழ்த்து, பிறகு பின்முனையையும் கடைசியாக முன்முனையையும் விடுவியுங்கள். ஒரு நடுக்கயிறு மறந்துபோய் எஞ்சியிருந்தாலும், பாயை ஏற்றும்போது அந்த இடத்தில்தான் துணி கிழியும்.