மின்சாரம் வந்தபின் காணாமல் போன நாஸ் ஃபோல்டர்

கரண்ட் போய் வரும்போதெல்லாம் என் வீட்டுச் சின்ன லினக்ஸ் சர்வரில் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த தனிச் சேமிப்புப் பெட்டி) ஃபோல்டர் காலியாகத் தெரியும். நாஸை அந்த ஃபோல்டரில் இணைக்கும் மவுண்ட் கட்டளையைக் கையால் கொடுத்தால் உடனே வந்துவிடும். அதனால் பாஸ்வேர்டு, அனுமதி எதிலும் கோளாறு இல்லை என்பது தெளிவு.

விஷயம் நேரத்தில் இருந்தது. சர்வர் சட்டென்று எழுந்துவிடுகிறது. நாஸ் தன் ஹார்ட் டிஸ்குகளைச் சுழற்றி எழுவதற்குச் சில நிமிடம் ஆகிறது. அதற்குள் சர்வர் தட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்று சொல்லும் நெட்டெவ் ஆப்ஷன் இதற்குப் போதாது. நெட்வொர்க் இருக்கிறது, நாஸ்தான் இல்லை.

எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், நாஸுக்கான வரியில் நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் இரண்டையும் சேர்த்தேன். இப்போது யாராவது ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் நடக்கிறது. தோற்றாலும் அடுத்த முறை தொடும்போது மீண்டும் முயலும். நோஃபெயில் இருப்பதால், மவுண்ட் ஆகாவிட்டாலும் சர்வர் எழுவது நிற்பதில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி சர்வரின் மெமரி கார்டு நிரம்பியது. மவுண்ட் இல்லாத நேரத்தில் பேக்கப் புரோகிராம் அந்த வெறும் ஃபோல்டரில், அதாவது கார்டிலேயே, எழுதித் தள்ளியிருக்கிறது. அப்புறம் நாஸ் மேலே வந்து உட்கார்ந்ததும் அந்த ஃபைல்கள் கண்ணுக்கே தெரியாது. கண்ணில் படும் ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளை ஒரு கணக்கு சொல்லும், கார்டில் மொத்தம் நிரம்பிய இடத்தைச் சொல்லும் டிஎஃப் வேறு கணக்கு சொல்லும். நாஸ் மவுண்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எல்லாம் அங்கே கிடந்தது. அதை அழித்தேன். பிறகு, கழற்றிய நிலையிலேயே வெறும் ஃபோல்டருக்கு சேட்டர் கட்டளையில் பிளஸ் ஐ (மாற்ற முடியாதபடி ஆக்கும் குறி) கொடுத்தேன். இனி நாஸ் இல்லாவிட்டால், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராலும் அதில் எழுத முடியாது. பேக்கப் பிழை காட்டி நின்றுவிடும்.