பேடிலில் பழகிய கை மேனுவலுக்கு வரும்போது

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குச் சொந்தக் காரோடு வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் ஆட்டோமேட்டிக் கார் (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற பேடிலை விரலால் தட்டிக் கியர் மாற்றுகிற ரகம்) வந்தால், கார்கள் வந்து நிற்கிற பிட்டில் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது கிளட்ச் பெடல் உள்ள மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வந்தால்தான் கூட்டம் கூடுகிறது.

டயர் காற்றைப் பார், ஹெல்மெட் போடு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கியர் விஷயத்தில் நானே செய்துவிட்டு, இப்போது வருகிறவர்களும் வரிசையாகச் செய்கிற தப்புகள் மட்டும்.

மேனுவல்தான் வேகம் என்று நம்புவது

அந்தக் காலம் போய்விட்டது. 992 தலைமுறை போர்ஷே 911 ஜிடி3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட, இரட்டைக் கிளட்ச் கொண்ட பிடிகே ஆட்டோமேட்டிக்குக்கு 3.4 விநாடி, ஆறு கியர் மேனுவலுக்கு 3.9 விநாடி. கம்பெனி கொடுக்கிற கணக்கே இதுதான். எஞ்சின் ஒன்றுதான், மேனுவல் கார் எடையும் கொஞ்சம் குறைவு. அப்படியும் பின்தங்குகிறது. 2013-இல் ஜிடி3-ஐ பிடிகே-யோடு மட்டும்தான் விற்றார்கள். ரசிகர்கள் விடவில்லை, 2017-இல் மேனுவல் திரும்பி வந்தது. வந்தது ஓட்டுகிற சுகத்துக்காக. எனக்கும் மேனுவல்தான் பிடிக்கும், ஆனால் லேப் டைம் (டிராக்கை ஒரு சுற்று முடிக்கிற நேரம்) பேசும்போது அதைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றுதான் என்று நினைப்பது

இப்போதைய தலைமுறை பிஎம்டபிள்யூ எம்2, டொயோட்டா சுப்ரா ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே வேலை செய்வது எண்ணெய். இரட்டைக் கிளட்ச் வேறு ஜாதி. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மிதிக்கப் பெடல் இல்லையே தவிர, தேய்கிற கிளட்ச் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. கொல்லிமலை ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்றால் பிரேக்கை மிதியுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டுத் தொட்டுக் காரைப் பிடித்து வைத்தால் கிளட்ச் வழுக்கிச் சூடாகும். உலர் கிளட்ச் ரகமாக இருந்தால், அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய்கூடக் கிடையாது.

ஐந்திலிருந்து நான்குக்குப் பதில் இரண்டு

இது இன்னும் எனக்கு வயிற்றெரிச்சல். ஆங்கிலத்தில் இதை மணி ஷிஃப்ட் என்பார்கள். மணி என்றால் பணம். ஒரே ஒரு கியர் மாற்றத்தில் மொத்தமும் போய்விடும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி வந்தான். மூன்று வருடம் பேடில் கார் ஓட்டிவிட்டு அப்போதுதான் மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தான். மெயின் ஸ்ட்ரெய்ட் என்கிற நீண்ட நேர்ப் பாதை முடிகிற இடத்தில் பிரேக் பிடித்து ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க வேண்டும். லீவரை முஷ்டியால் இறுக்கிப் பிடித்து, இடது பக்கம் தள்ளி, பின்னால் இழுத்தான். போய் விழுந்தது இரண்டாவது கியரில். நான் வாயைத் திறப்பதற்குள் கிளட்சை விட்டுவிட்டான். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டு வால் ஒரு பக்கம் போனது. எஞ்சின் சத்தம் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. எப்படியோ ஓரம் கட்டினோம். அவன் கேட்ட முதல் கேள்வி: "ரெவ் லிமிட்டர் இருக்கே அண்ணா, அப்புறம் எப்படி?"

இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! ரெவ் லிமிட்டருக்குத் தெரிந்தது ஒரே வேலை. எஞ்சின் சுழல்கிற வேகம் (ரெவ்) எல்லையைத் தொட்டதும் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்தும். எஞ்சின் சக்கரத்தைச் சுற்றும்போது அது போதும். இங்கே சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது. உருண்டு போகிற காரே எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டைப் பிடித்துச் சுழற்றும்போது பெட்ரோலை நிறுத்தி என்ன ஆகப்போகிறது?

டொயோட்டா ஜிஆர்86 மேனுவலில் இரண்டாவது கியரின் விகிதம் 2.188, நான்காவது 1.213, ஐந்தாவது 1.000. ஐந்தில் 5,000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று) போகிறீர்கள். நான்குக்கு இறக்கினால் சுமார் 6,070. இரண்டுக்கு இறங்கிவிட்டால் 10,940. அந்த எஞ்சினின் சிவப்புக் கோடு, அதாவது தாண்டக் கூடாத எல்லை, சுமார் 7,500-இல் இருக்கிறது. அதைத் தாண்டி இவ்வளவு தூரம் போனால் வால்வு ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. மேலே வருகிற பிஸ்டன் திறந்த வால்வில் போய் மோதும்.

என் கதையும் இதுதான். 2008-இல், ஒரு பழைய செடானில். எனக்குப் பேடில் என்ற சாக்குகூடக் கிடையாது; பயத்தில் லீவரை இறுக்கிப் பிடித்ததுதான் காரணம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் வால்வுகளை ஒரு துணியில் வரிசையாக அடுக்கினார். வெற்றிலைக் காம்பு மாதிரி வளைந்து கிடந்தன. மூன்று மாதச் சம்பளம் போனது.

பேடில் காரில் அந்தத் தம்பி பிரேக் பிடித்தபடியே டக் டக் டக்கென்று மூன்று தடவை தட்டுவானாம். ரெவ் எல்லை மீறும் என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் அந்தத் தட்டலை ஏற்றுக்கொள்ளாது. அதில் எத்தனை மறுக்கப்பட்டது என்று அவன் கவனித்ததே இல்லை. மூன்று வருடமாக அது திருத்திக்கொண்டே வந்தது, இவன் தனக்கு ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

சரி, கைக்கு வருவோம். நம் ஊர்க் காரில் லீவர் இடது கையில். ஒன்று-இரண்டு வரிசை நம்மைவிட்டுத் தள்ளி இருக்கிறது, ஐந்து-ஆறு வரிசை நம் பக்கம். அதனால் ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போது கை தன்னால் அந்தப் பக்கம் தள்ளப் பார்க்கும். தள்ளவே வேண்டாம். நியூட்ரலுக்கு வந்ததும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கே லீவரை மூன்று-நான்கு வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிடும். விரல்களைக் குமிழின் முன்பக்கம் கொக்கி மாதிரி மாட்டி நியூட்ரலுக்கு இழுங்கள், பிடியைத் தளர்த்துங்கள், பிறகு நேராகப் பின்னால். நின்ற காரில் நூறு தடவை செய்து பாருங்கள்.

முதலில் பிரேக், வேகம் நன்றாக விழுந்த பிறகு கியர். லீவர் வழக்கத்தைவிட முரண்டு பிடித்தால் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன் செய்கிற பாகம்) உங்களோடு சண்டை போடுகிறது என்று அர்த்தம்; தப்பான கியராக இருக்கலாம். கிளட்சை விடாதீர்கள். மிதித்தபடியே பிரேக்கில் வேகத்தைக் குறையுங்கள். கிளட்சை விடாதவரை எஞ்சின் பிழைத்திருக்கும்.

யாருக்கும் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். போர்ஷேயின் எஞ்சின் கம்ப்யூட்டர் அதிக ரெவ் போனதை அடுக்கடுக்காகப் பிரித்து, எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது என்பது வரை எழுதி வைக்கும். பழைய கார் வாங்க வருகிறவர் அந்த அறிக்கையைத்தான் முதலில் கேட்பார்.

டி-யில் போட்டுவிட்டு டிராக்கில் இறங்குவது

டி-யில் (கியரைக் காரே மாற்றிக்கொள்கிற டிரைவ் நிலை) இருக்கும் கியர் பாக்ஸுக்குப் பெட்ரோல் மிச்சம்தான் பெரிய கவலை. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் மேல் கியருக்குத் தாவும். வெளியே வரும்போது மிதித்தால் இரண்டு கியர் இறங்கி வண்டியை உதறும். பேடிலுக்கு மாறுங்கள். அதிலும் சில கார்கள் சிவப்புக் கோட்டில் தானாக மேலே ஏறும், சில லிமிட்டரில் முட்டிக்கொண்டு நிற்கும். உங்களுடையது எந்த ரகம் என்று முதல் லேப்பிலேயே பார்த்துவிடுங்கள்.

ரெவ் மேட்சை அணைக்காமல் ஹீல்-டோ பழகுவது

ரெவ் மேட்சை 2009 மாடல் நிஸான் 370இசட் தொடங்கி வைத்தது. இப்போது பல மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்களில் கியர் இறக்கும்போது காரே ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொள்கிறது. நல்ல வசதிதான். ஹீல்-டோ, அதாவது ஒரே காலால் பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரையும் தட்டுவதை, பழகும்போது மட்டும் அணைத்து வையுங்கள். ஒருவர் ஒரு நாள் முழுக்க "எனக்கு வந்துவிட்டது சார்" என்றார். மாலையில் பட்டனை அணைத்தேன். அடுத்த வளைவில் அவர் எதுவும் பேசவில்லை.

லீவர் மேல் கையை வைத்தே ஓட்டுவது

உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க் தேயும். எடுங்கள்.

லாஞ்ச் கண்ட்ரோலை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவது

நின்ற இடத்திலிருந்து காரை முழு வேகத்தில் கிளப்பிவிடுகிற வசதி இது. ஒரு தடவை போதும். வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.