படகு ரேடியோவில் பட்டன் போனால் செய்யக்கூடாதவை

மொரிஷியஸில் படகு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். கிராண்ட் பேயில் சுற்றுலா கேட்டமரான் (இரட்டை உடல் படகு) ஓட்டினாலும் சரி, பிளாக் ரிவரிலிருந்து மார்லின் பிடிக்கப் போனாலும் சரி, படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் ரேடியோவிலும் மீன் இருக்கும் இடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரிலும் திரை போவதற்கு முன்பே தேய்வது பட்டன்தான், அதுவும் பவர், சானல் 16 (அவசர அழைப்புக்கான பொதுச் சானல்), மைக்கில் இருக்கும் பேசும் பட்டன் என்று எந்நேரமும் விரல் படுகிற இரண்டு மூன்று. வெறும் தேய்ந்த பட்டனால் செட் சாவதில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று திறந்து, சரியாக மூடாமல் விட்ட பிறகு உப்புத் தண்ணீர் புகுந்துதான் சாகிறது.

முதலில் இந்த ஸ்பிரே அடிக்கும் பழக்கம். பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்றதும் கை தானாக டபிள்யூ.டி-40 டப்பாவுக்குப் போகும். கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்வது போலத் தெரியும், அப்புறம் அந்த எண்ணெய் சிலிக்கான் ரப்பரை உப்ப வைத்து, உள்ளே படலமாகத் தங்கி, தூசியையும் உப்பையும் பிடித்துவைத்து, பட்டனை முன்னைவிட மோசமாக்கிவிடும். வாசலினும் அப்படியே. சரி, ஆல்கஹாலில் துடைத்தால்? உப்பு ஆல்கஹாலில் அநேகமாகக் கரையவே கரையாது, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய பிரஷால் உப்பை முதலில் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடை 70 சதவீதப் பாட்டிலில் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தான், கடைசித் துடைப்புக்கு அது ஆகாது.

திறக்கும் முன் ஃபியூஸைக் கழற்றுங்கள், செட்டை வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஆடுகிற படகில் ஒரு திருகு பில்ஜுக்குள் (படகின் அடிப்பள்ளம்) உருண்டால் அன்றைய பொழுது போச்சு. உள்ளே ரிப்பன் கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது, அநேகமாக அதற்கு ஒரு சின்னப் பூட்டு இருக்கும், நகத்தால் தூக்கினால் கேபிள் தானாக விடும்.

ரப்பர் கீபேடைப் புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் கறுப்பாக ஒரு கார்பன் வில்லை தெரியும். அது சர்க்யூட் போர்டில் சீப்புப் பற்கள் போல இருக்கும் இரண்டு தடங்களை இணைப்பதுதான் பட்டனின் முழு வேலை. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வில்லைமேல் வையுங்கள். சில நூறு ஓமுக்குள் காட்டினால் வில்லையில் குறையில்லை, அழுக்கு போர்டில்தான். ஆயிரக்கணக்கில் ஏறினால் வில்லை தேய்ந்துவிட்டது. இங்கேதான் ஆளுக்கு ஆள் உப்புத்தாளை எடுக்கிறார்கள். போர்டில் இருக்கும் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் வெகு குறைவு, இரண்டு தேய்ப்பில் அது போய் அடியில் உள்ள உலோகம் வெளியே வந்துவிடும், அப்புறம் கடல்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வில்லையையும் சுரண்ட வேண்டாம், ஆல்கஹால் தொட்ட வெள்ளைக் காகிதத்தில் லேசாக உரசினால் போதும். தேய்ந்த வில்லைமேல் அலுமினியத் தாள் ஒட்டும் வேலை டி.வி. ரிமோட்டுக்குச் சரி, படகில் அது சீக்கிரமே அரித்துப் பொடியாகும். கீபேட் பழுதுக்கென்றே விற்கிற, மின்சாரம் கடத்தும் கார்பன் பூச்சைத் தடவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். சூப்பர் குளூ கூடவே கூடாது: ரப்பரில் பட்ட இடம் விறைத்துப்போகும், அதன் ஆவி திரையின் உட்பக்கத்தில் வெள்ளையாகப் படியும்.

மேலே ஸ்டிக்கர், அடியில் உலோகக் குமிழ் என்று இருக்கும் வகை வேறு. அமுக்கும்போது அந்த ‘டிக்’ போய்விட்டது என்றால் குமிழ் களைத்துவிட்டது, துடைத்து மீட்க முடியாது. ஸ்டிக்கரை உரித்தால் அந்தப் பசை மறுபடி நீர் புகாமல் ஒட்டாது, ஆகவே முழு கீபேடையே வாங்குங்கள்.

இப்போது மூடுவது, எல்லாவற்றிலும் முக்கியம். செட்டில் போட்டிருக்கும் நீர் தாங்கும் குறியீடு ஐ.பி.எக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம், ஆனால் அது திறக்காத செட்டுக்குச் சொன்னது. மூடியின் இடுக்கில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், பழையதாகித் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். நைட்ரைல் ரப்பர் என்றால் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாக. வளையமே சிலிக்கான் என்றால் அந்தக் கிரீஸ் அதை உப்ப வைக்கும், உலர்வாகவே விடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சீலன்ட்டை உள்ளே விட்டால் அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்னும். திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஜனவரிப் புழுக்கத்தில் வெளியே வைத்து மூடினால் அந்த ஈரமும் உள்ளே அடைபட்டு இரவில் திரைக்குள் வியர்க்கும், ஏ.சி. அறையில் வைத்து மூடுங்கள். சூறாவளிக் காலத்தில் படகைக் கரையேற்றியிருக்கும்போது இதைச் செய்தால் அவசரமும் இருக்காது.

கேட்டமரான் ஆட்களுக்கு மட்டும் ஒன்று: விருந்தாளிகளின் சன் கிரீம் கை பட்ட பட்டன்களில் எழுத்து சீக்கிரம் அழியும், பிளாஸ்டிக்கும் கெடும். நல்ல தண்ணீரில் துடையுங்கள்.

சோதனைக்கு வருவோம். ஆன்டெனா மாட்டாமல் மேசைமேல் வைத்துப் பேசும் பட்டனை அமுக்கினால் 25 வாட்டும் போக வழியில்லாமல் திரும்பி வந்து செட்டையே கெடுக்கலாம். சிவப்பு மூடிக்கு அடியில் இருக்கும் ஆபத்துப் பட்டனை ‘வேலை செய்கிறதா’ என்று அமுக்கிப் பிடிக்கவே கூடாது, சானல் 70 வழியாக உண்மையான அபாய அழைப்பே போய்விடும். தெரிந்த படகு ஒன்றுக்கு டி.எஸ்.சி. (ரேடியோவின் டிஜிட்டல் அழைப்பு முறை) சோதனை அழைப்பு அனுப்பிப் பாருங்கள். பேசும் பட்டனைப் பலமுறை அமுக்கி விட்டு, ஒவ்வொரு முறையும் திரையில் ஒலிபரப்பைக் காட்டும் ‘டி.எக்ஸ்’ எழுத்து மறைகிறதா என்று கவனியுங்கள். பட்டன் சிக்கி நின்றால், சானல் 16-இல் வைத்திருக்கும் உங்கள் ரேடியோ அதை அடைத்துக்கொண்டிருக்கும், மூழ்குகிறவன் கூப்பிட்டாலும் அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காது.